அடியில் ஓட்டை உள்ள யானைக்குட்டி

சாமி கதைத் தொடர்களில் வானத்தில் இரண்டு அம்புகள் பறந்து வந்து மோதிக்கொள்ளுமே, அதில் பாதி நான் விட்டவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அம்பு விட்டே சென்னையில் ஒரு வீடும் விருத்தாசலத்தில் ஒரு வீடும் கட்டினேன். கம்ப்யூட்டர் திரையில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை இன்றைக்கும் எனக்கு வாசிக்க வராது. மேலே இடது கோடியில் மூன்றாவது, அதைத் தொட்டால் கீழே விழுவதில் ஐந்தாவது, இப்படி இடம் தெரியும். சேனல்களின் சின்னங்களைச் சுழல விட்டிருக்கிறேன். செய்திக்கு முன்னால் உருளும் பூமி உருண்டையை உருட்டியிருக்கிறேன். எல்லாம் இடம் பார்த்துத்தான்.

அதற்கெல்லாம் முன்னால் இந்த விருத்தாசலத்திலேயே பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு வேலை பார்த்தேன். பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கும். அதைக் காயவைத்து, பிசிறு சீவி, சூளைக்கு அனுப்ப வேண்டும். சென்னைக்குப் போய் கம்ப்யூட்டரில் முதல்முதலாக ஒரு உருவத்தைச் செய்தபோது, அதுவும் உள்ளே கூடுதான் என்று தெரிந்தது. எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

அதனால்தான் வயதான பிறகு ஊருக்குத் திரும்பி கார்ட்டூன் ஸ்டுடியோ போட்டபோது, பொம்மைக் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்களாகப் பார்த்து எடுத்தேன். சென்னையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களில் ஒருவர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பொம்மை சீவிய கை. எங்கள் முதல் யானைக்குட்டியைச் செய்தவர் அவர் என்பதால் ஸ்டுடியோவில் அவருக்கு யானைக்காரம்மா என்று பெயர்.

அந்த யானைக்குட்டியை வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு தொடர் வேண்டும் என்று ஒரு சேனலில் கேட்டார்கள். மாதிரிக்கு ஒரு பகுதி செய்து காட்ட வேண்டும். பிடித்தால் தொடர் முழுக்க விருத்தாசலத்தில் நடக்கும். பிடிக்காவிட்டால் வேலை சென்னைக்குப் போய்விடும், நான் ஸ்டுடியோவைப் பூட்ட வேண்டியதுதான். நானோ தொடர் நமக்குத்தான் என்று ஜங்ஷன் டீக்கடை வரைக்கும் சொல்லி முடித்திருந்தேன்.

சேனலிலிருந்து ஒரு மேடம் காலை ரயிலில் வந்து இறங்கினார். எல்லோரும் நின்றுகொண்டே பார்த்தோம். குட்டி நடந்தது, வாழைத்தார் திருடியது, மேட்டிலிருந்து சிரித்துக்கொண்டே உருண்டது.

“கொஞ்சம் நிறுத்துங்க சார். பின்னாடி போங்க. அடியில இது என்ன?”

“ஓட்டைங்க,” என்றார் யானைக்காரம்மா. தும்பிக்கை எது என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

“எதுக்கு ஓட்டை?”

“காத்து போவ வேணாங்களா? இல்லன்னா சூளையில வெடிச்சிடும். இது ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்குறதும் சேந்து போயிடும்.”

“எந்தச் சூளை?”

யானைக்காரம்மா என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற ஒரு பெண், “கம்ப்யூட்டரு சூடாவுதில்ல, அந்தச் சூளதான்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இந்தத் தொழிலில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். அந்த ஓட்டையையும் பல தடவை பார்த்திருந்தேன். வட்டம் சுத்தமாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சியும் இருக்கிறேன். பொம்மை என்றால் அடியில் ஓட்டை இருக்கும். இல்லாவிட்டால்தான் என் கண்ணை உறுத்தியிருக்கும்.

“குழந்தைங்க பாக்கறது சார். அந்த இடத்துல ஓட்டைன்னா கேலியாயிடும். சென்னையிலயே குடுத்திருக்கலாமேன்னு ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க. சாயங்கால வண்டிக்குள்ள சரி பண்ணிக் காட்டிடுங்க. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல.”

மேடத்தைச் சாப்பிட அனுப்பிவிட்டு நாங்கள் உட்கார்ந்தோம். ஓட்டையை அடைப்பது ஒரு நிமிஷ வேலை. குட்டி உருளும் காட்சியை ஒவ்வொரு படமாகக் கம்ப்யூட்டர் மறுபடி வரைந்து தள்ளுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் யானைக்காரம்மா மவுஸில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

“அடைக்க மனசு வரலண்ணே.”

“வெடிக்காதும்மா. இதுல மண்ணே கெடையாது.”

“எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது.”

“வேல சென்னைக்குப் போச்சுன்னா நீ திரும்ப கம்பெனிக்குத்தான் பொம்மை சீவப் போவணும்.”

“அங்க யாரும் ஓட்டைய அடைக்கச் சொல்ல மாட்டாங்கண்ணே,” என்றார். சொல்லிவிட்டு அடைத்தார்.

எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அந்தக் காட்சியிலேயே போட்டேன். மின்வெட்டு வரவில்லை. மேடம் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் படம் வந்து சேர்ந்தது. குட்டி உருண்டது. அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. மேடம் இரண்டாவது தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். “ஓகே சார், நான் பேசிக்கறேன்,” என்று கைப்பையை எடுத்தார். நல்ல சேதி போனில் வந்தது. டீக்கடையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நான்தான் முன்னமே சொன்னேனே என்பதையும் ஞாபகப்படுத்தினேன்.

தொடர் ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அதே டீக்கடை டிவியில் நம் குட்டி கொட்டாவி விட்டது. வாய்க்குள்ளே, மேலண்ணத்துக்கும் அப்பால், ஒரு கருப்பு வட்டம் தெரிந்தது. அது ஓட்டை என்று அந்தக் கடையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டுடியோவுக்குப் போய் யானைக்காரம்மாவிடம் கேட்டேன்.

“வாய்க்குள்ள யாருண்ணே பாக்கப் போறாங்க?”

“நான் பாத்தனே.”

“நீங்க பாத்தா பரவால்ல.”

அதை எடுக்கச் சொல்லவில்லை. தொடர் இப்போதும் இங்கிருந்துதான் போகிறது. அடுத்த கதைக்கு ஒரு முதலை தேவைப்பட்டது. அதை நானே உட்கார்ந்து செய்தேன். அதற்கும் ஓட்டை உண்டு. எங்கே என்று யானைக்காரம்மா இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.