உட்கார்ந்து செய்கிற வேலை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் லைனில் நின்றேன். எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். ஓ.டி. என்றால் இன்னும் நான்கு மணி நேரம். வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்த தடம் மறுநாள் காலையிலும் மறையாது. ஒரு நாள் வேலையை விட்டேன். வல்லம் வடகால் சாலையில் சின்னதாக ஓர் அறை பிடித்து, பழைய தையல் மிஷின் ஒன்றைப் போட்டேன்.

கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கேட்டார்: "நல்ல சம்பளத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு கடை?"

"உக்காந்துகினு வேல செய்யணும். அவ்ளோதான்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் எனக்கு வேறு காரணமே இருக்கவில்லை.

முதலில் வந்தவள் திருநெல்வேலிப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறவள். "யூனிஃபார்ம் பேன்ட் தொளதொளன்னு கெடக்குக்கா. லைன்ல எல்லாரும் சிரிக்காவ."

ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் பையில் கொண்டுவந்திருந்த பேன்ட்டின் இடுப்பைப் பிரித்து நிதானமாகத் தைத்தேன். மறுவாரம் தன் ரூமில் இருந்த ஐந்து பேரையும் கூட்டி வந்தாள். நான் ஒரு பெஞ்சு வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். "பத்து மிஷின் போடுங்கம்மா. ஃபுல் யூனிஃபார்ம் ஆர்டரே தர்றேன். நீங்க தைக்கக்கூட வேணாம், சுத்தி வந்து பாத்துக்கினா போதும்."

"அப்ப நாள் பூரா நிக்கணுமே சார்."

அவருக்குப் புரியவில்லை. கணவருக்குப் புரிந்தது, வந்த ஆர்டரை விட்டுவிட்டேனே என்று இரண்டு நாள் புலம்பினார். தப்பு செய்துவிட்டோமோ என்று எனக்கும் சந்தேகம்தான்.

பெரிதாக்கும் அவசரம் இல்லாததால்தான் கடை பிழைத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொருத்தியையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, சரியில்லை என்றால் மறுபடி பிரித்தேன். சுடிதார், ஜாக்கெட் என்று வேலை கூடியது. திருநெல்வேலிப் பெண்ணும் கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டாள். கம்பெனியை விட்டு என்னோடு சேர்ந்ததும் இரண்டாவது மிஷின் வாங்கினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தன் காக்கி பேன்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இடுப்பு டைட்டா கீது. கொஞ்சம் வுட்டுக் குடு."

அவருக்கு முன்னால் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். "அவங்களுக்கு முடிச்சிட்டுதான்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்தவர், யார் எந்த ஊர், எந்த கம்பெனி என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவர் முறை வந்தபோது ஆளைக் காணோம். எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருந்தார்.