ஒரே வெடிக்கான தோட்டா

எண்பத்தேழாம் ஆண்டு நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. நானும் மனைவி சாந்தியும் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்ற நகர்ப்பகுதியில் வாடகைக்கு இருந்த நிலவறையைப் பூட்டிக்கொண்டு மான் வேட்டைக்குப் புறப்பட்டோம். சிரிக்க வேண்டாம். அகதிக் கேஸ் இன்னும் முடியாத இரண்டு பேர், அதிலும் ஒரு கோழியைக்கூட உரித்தறியாத நான், துவக்குக்குப் பின்னால் காட்டுக்குப் போவது எனக்கே நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கூப்பிட்டவர் காஸ்டோன். டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் என்னோடு தட்டுக் கழுவுகிறவர். ஊரில் மான் இறைச்சி சாப்பிட்டிருக்கிறோம் என்று ஒருநாள் வாய் விட்டுவிட்டேன். மனிதர் பிடித்துக்கொண்டார். சுடுவது அவர், கறி வைப்பது சாந்தி என்று முடிவும் கட்டிவிட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய பிரெஞ்சும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் எங்களுக்குள் தடங்கல் வந்ததே இல்லை.

சாந்தியை நினைத்துத்தான் எனக்குப் பயம். திருகோணமலையிலிருந்து வந்து நாலு மாதம். தெருவில் ஒரு லொறி படாரென்று சத்தம் போட்டாலும் சமையலறை மேசைக்குக் கீழே போய்விடுவாள். பிறகு எழும்பி வந்து வெட்கத்தில் அழுவாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நெஞ்சு தாங்குவதில்லை.

"நீர் வராட்டி நானும் போகேல்லை" என்றேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "காட்டுக்குள்ள ஒரே ஒரு வெடி எண்டா வாறன். ஒரு வெடி எண்டா ஆரோ தவறிச் சுட்டதெண்டு நினைக்கலாம். ரெண்டாவது கேட்டாத்தான் ஊரில ஓடுவம். இஞ்ச நான் எங்க ஓடுறது?"

இதைக் காஸ்டோனிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் தோட்டாவைப் பார்த்து வாங்க வேண்டும் என்றார்.

எட்டேகால் மணி. மெட்ரோவின் மஞ்சள் கோட்டில் ஆற்றுக்கு அடியால் லொங்குய்ய் போய் இறங்கினோம். காஸ்டோன் தன் பிக்கப்போடு நின்றார். ஷெர்புரூக் பக்கம் நூற்றைம்பது கிலோமீற்றர் ஓட்டம். முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். வயல்களில் நேற்றைய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. காஸ்டோன் வழி நீளப் பாடிக்கொண்டு வந்தார். பாட்டு நல்லது, குரல்தான் கொடுமை.

பத்தரை மணிக்குத் தெருவோரக் கடையொன்றில் நிறுத்தினார். உள்ளே போய்த் துவக்கைக் காட்டித் தோட்டா கேட்டார். பழைய திரீ நோட் திரீ ரைபிள். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும்.

"இவரை எனக்குத் தெரியும்" என்றாள் சாந்தி, துவக்கைப் பார்த்து. "எங்கட பொலிஸ்காரன்ர தோளில தொங்கினவர்."

கடைக்காரி பருத்த உடம்புக்காரி, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் பெரிய மனிதனாட்டம் ஒரு பெட்டியைத் தூக்கினேன். கூரான முனை, முழுக்கச் செம்பு, தங்கம்போல மினுங்கியது. விலையும் குறைவு. அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்துவிட்டாள். அது பட்டாளத்துச் சாமானாம். ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடுமாம். மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து வதைபட்டுச் சாகுமாம். வேட்டைக்குச் சட்டமும் விடாதாம்.

பிறகு ஈய நுனி வெளியே தெரிகிற தோட்டாக்களைக் காட்டினாள். மழுங்கிய பென்சில்போல அவலட்சணமாக இருந்தன. பட்டவுடன் அந்த நுனி விரியும், அதனால் மிருகம் நின்ற இடத்திலேயே விழும் என்றாள். அதிலும் கிரெய்ன் என்ற கணக்கில் இரண்டு நிறை. நூற்றைம்பது கிரெய்ன் மானுக்கு, நூற்றியெண்பது மாடு பருமனுள்ள மூஸ் மானுக்கு என்பது வழக்கமாம். காஸ்டோன் நூற்றைம்பதுக்குக் கை நீட்டினார்.

"எது ஒரே வெடியோட முடிக்கும் எண்டு கேளுங்கோ" என்றாள் சாந்தி.

நான் கேட்டேன். கடைக்காரி கண்ணாடியைக் கழற்றி அவளை நன்றாகப் பார்த்தாள். "அது துவக்குக்குத்தான் தெரியும். கிழட்டுத் துவக்குகளுக்கு வாய்ருசி வேறு வேறு. இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்." இருபது தோட்டா கொண்ட பெட்டி பதினெட்டு டொலர். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கினோம்.

மதியம், காஸ்டோனின் மச்சானுடைய தோட்டத்துக்குப் பின்னால் மணல் அள்ளிய ஒரு கிடங்கு. காஸ்டோனும் மச்சானும் நூறு யார் தூரத்தில் குறிபார்க்கக் கடதாசி கட்டினார்கள். "ஒரு வெடிக்காக இவ்வளவு வெடியோ" என்று முணுமுணுத்தபடி சாந்தி பிக்கப்புக்குள் ஏறி, கண்ணாடியை மூடி, சால்வையால் காதைச் சுற்றிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கையைப் பிறாண்டினாள். கிழவி மாங்காய்க்குக் கல்லெறிந்த மாதிரி நூற்றைம்பது அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. நூற்றியெண்பது விழத் தொடங்கியதும் காஸ்டோன் வா வா என்று கை காட்டினார்.

சாந்தி இறங்கிப் போனாள். துளைகளெல்லாம் ஒரு தேசிக்காய்க்குள் அடங்கும் அளவுக்குக் கிட்டக் கிட்ட இருந்தன. அவள் விரலை வைத்துப் பார்த்தாள்.

"வழக்கம் கிடக்கட்டும். இந்தப் பாரமானதுதான் வேணும்."

"ஓம் மேடம்" என்றார் காஸ்டோன், நான் படிப்பித்த தமிழில்.

சனிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம். மச்சானின் காட்டுக்குள் இரவு தங்கிய மரக்குடிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். வேட்டைக்காரர் கண்ணில் படப் போடும் தோடம்பழ நிறச் சட்டையோடு காஸ்டோன் இருட்டோடு போய்விட்டார். புகை மணத்துக்கு மான் விலகும், அடுப்பை மூட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். குளிரில் பல் கிடுகிடுக்க சாந்தி வெங்காயம் வெட்டினாள். நான் உள்ளிப்பூண்டு உரித்தேன்.

வெடி கேட்டது.

அவளுடைய கத்தி அப்படியே நின்றது. கண்கள் மேசைக்குக் கீழே போயின. இரண்டாவது வந்தால் அவள் இனி ஒருபோதும் நிலவறையை விட்டு வெளியே வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கூரையிலிருந்து பனி சொட்டியது. காகம் ஒன்று கரைந்து ஓய்ந்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"முடிஞ்சுது" என்றாள். மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன மரம் மாதிரி நிக்கிறியள்? அடுப்பை மூட்டுங்கோ. அந்தாள் பசியோட வருமெல்லே" என்றாள்.

ஊரில் வெடி கேட்டால் முதல் வேலை அடுப்பை அணைப்பது. சந்தோஷத்தில் மூன்று நெருப்புக்குச்சியை வீணாக்கித்தான் அடுப்பை மூட்டினேன்.

ஞாயிறு பின்னேரம் லொங்குய்ய் மெட்ரோ வாசல். எங்கள் பங்கு இறைச்சி பையில் கனத்தது. மிளகுக் கறியின் உறைப்பில் காஸ்டோனின் மூக்கு இன்னும் சிவந்திருந்தது. அடுத்த வருஷமும் வருவீர்களா என்று கேட்டார். கேஸ் என்னாகுமோ, எங்கே இருப்போமோ என்று நான் இழுத்தேன். சாந்தி என்னை முந்திக்கொண்டாள்.

"வாறம் எண்டு சொல்லுங்கோ. பாரமான பெட்டியை வச்சுக்கொண்டு, மற்றதை மச்சானுக்குக் குடுக்கட்டும்."