பதினான்கு வாக்கெடுப்புகள்

இலங்கையை விட்டு வெளிநாடு வந்த புதிதில் நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பைகளுக்குக் கிளிப் போடும் வேலை செய்தேன். நாங்கள் குடியிருந்த லின்ஃபீல்டிலிருந்து தன் காரில் என்னை ஏற்றிப் போகும் திருச்சிப் பெண்தான் அங்கே என் ஒரே பேச்சுத் துணை.

பத்து மணித் தேநீர் நேரத்தில் டிவி ஓடும். அமெரிக்க விமானங்கள் ஐரோப்பாவில் ஒரு நாட்டின்மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்களைக் கேட்காமல் ஜனாதிபதி எப்படிப் போருக்குப் போகலாம், இவ்வளவு செலவுக்கு யார் பொறுப்பு என்று அவர்களுடைய பாராளுமன்றமான காங்கிரஸில் ஒரே சண்டை.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்க்கா. சோபாவ எறக்கி ஹால்ல போட்டுட்டு, வாங்கலாமான்னு கேப்பாரு" என்றாள் அவள்.

சிரித்தேன். சண்டையாவது பிடிக்கிறார்களே என்றும் இருந்தது.

என் தம்பி கொழும்பில் சிறையில் இருந்தான். துணிக்கடையில் வேலை பார்த்தவன். லொட்ஜில் தூங்கியவனை விசாரணைக்கென்று கூட்டிப்போன பொலிஸ்காரர்கள் திருப்பி அனுப்பவில்லை. வழக்கும் இல்லை. எங்கள் நாட்டிலும் போர் நடக்கிறது, அவசரகாலச் சட்டம் இருக்கிறது, அதனால் வழக்கில்லாமலே வைத்திருக்கலாமாம். அந்தச் சட்டத்தைப் பிரகடனம் செய்வது ஜனாதிபதி. ஆனால் பாராளுமன்றம் மாதத்துக்கொரு தடவை வாக்களித்து நீடிக்க வேண்டும். ஒரேயொரு மாதம் அவர்கள் மறுத்தால் தம்பி வெளியே வந்துவிடுவான் என்று நம்பினேன். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அரசியல் அவ்வளவுதான் விளங்கியது. வாக்கெடுப்பு நாளில் விரதம் இருப்பேன். மறுநாள் கொழும்பிலிருக்கும் மாமிக்குப் போன் எடுப்பேன். "நீடிச்சாச்சு, பிள்ளை" என்பார்.

ஒரு மாதம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். "இந்தமுறை பாதிப் பேரும் வரேல்லையாம்."

"அப்ப தோத்துப்போச்சோ, மாமி?"

"எங்கயடி! வந்த ஆக்களே நீடிக்கிறதுக்குக் காணும். மற்றவை கன்டீனில இருந்தவையாம்."

"எதிரெண்டபடியால் வராமல் நிண்டவையோ?"

"எதிரெண்டால் வந்தெல்லோ கை தூக்கவேணும்? அண்டைக்கு மீன் குழம்பு நல்லாக்கும்."

அடுத்த வாரம் தேநீர் நேரத்தில் சூப்பர்வைசர் எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை என்று ஏதோ சொல்லி, சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். அவருடைய வேகமான இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். இப்படிக் கேட்கிறபோதெல்லாம் பக்கத்துக் கையைப் பார்த்து என் கையும் மேலே போகும். விளங்காத ஒன்றுக்குத் தூக்குவானேன் என்று அன்று போகவில்லை. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோதும் தூக்கவில்லை. திருச்சிப் பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது காரில்தான் அவள் கேட்டாள்.

"நீங்களாவது தூக்கியிருக்கலாம்லக்கா. ஞாயித்துக்கிழமையும் வேலைன்னா பிள்ளைய நான் எங்க விடுவேன்?"

"எனக்கு விளங்கேல்லை."

"வெளங்கலைன்னா கேக்கணும்க்கா."

அவள் ஞாயிறுகளிலும் வேலைக்கு வந்தாள். பிள்ளையை எங்கே விட்டாள் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

பிடித்துப்போய்ப் பதினான்கு மாதம் கழித்துத் தம்பியே போன் எடுத்தான். குரல் தடித்துப் போயிருந்தது.

"என்னெண்டு விட்டவை?" என்று கேட்டேன்.

"தெரியாதக்கா. பேரைக் கூப்பிட்டாங்கள், வந்திட்டன்."

அந்த மாதமும் சட்டத்தை நீடித்திருந்தார்கள். எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. விரதத்தை நான் எப்போதோ விட்டிருந்தேன்.