மருந்து அளவு சொல்ல மாட்டன்

துவக்கும் தோட்டாவும் விக்கிற கடைக் கவுண்டரிலை நிக்கிற ஆக்களுக்கு ஒரு தலைவிதி: சாமான் வாங்கத் தெரியாமல் வாற ஆள்தான் எங்களுக்குப் பாடம் எடுப்பார். நிண்டு நிண்டு கால் வீங்கின ஆக்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

நான் நோர்பரியிலை இருக்கிறன். லண்டன் கரையிலை ஒரு துவக்குக் கடையிலை பார்சல் கட்டிக்கொண்டிருந்தனான். முதலாளி கொலினுக்கு முழங்காலிலை ஒப்பரேசன். மூண்டு மாசம் கவுண்டரைப் பார், சரி வந்தால் கவுண்டர் உனக்கு, பிழைச்சால் திரும்பப் பார்சல் எண்டார். ஆரும் என்னைத் திருப்பிப் பார்சலுக்கு அனுப்ப விடுறதில்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

கிளப்பிலை குறி பாத்துச் சுடுறவை தோட்டாவைத் தாங்களே வீட்டிலை செய்வினம். அந்தச் சாமான்தான் என்ரை பகுதி. வெறும் கோது, அதின்ரை அடியிலை பொறி தட்டுற பிரைமர், உள்ளுக்கை போடுற வெடிமருந்து, நுனியிலை இருந்து பாயிற சன்னம். நாலே நாலுதான், ஆனால் ஒண்டுக்கொண்டு பொருந்தவேணும்.

வீட்டிலை வெடிச்சது

எந்தச் சன்னத்துக்கு எந்த மருந்து எண்டு சொல்லுற தடிச்ச புத்தகம் ஒண்டு இருக்கு. அதை பஸ்ஸிலையும் படிச்சன், சோறு வேகேக்கையும் படிச்சன். ஒருநாள் என்ரை மனுசன் எட்டிப் பாத்தார். இது கடதாசிக் குறிக்குச் சுடுறதப்பா, விளையாட்டு எண்டு விளங்கப்படுத்தினன். சோறு அடிப்பிடிச்சதுதான் மிச்சம். அவர் அடுப்பை நிப்பாட்டிப்போட்டுச் சொன்னார்: "வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள், நீர் இஞ்சை அதைப் பாடமாக்குறீர்!"

அரிசி மூட்டை வாங்குற கை

அருள் எண்டு ஒரு பெடியன், பாரிஸிலை இருந்து லண்டனிலை பார்க்கிங் எண்ட ஊருக்கு வந்து குடியேறினவர். கிளப்பிலை சேந்து ஒரு வருசம். லைசென்ஸைக் காட்டினார், எல்லாத்திலையும் ஆயிரம் ஆயிரமாத் தாங்கோ அக்கா எண்டார். எங்கடை ஆக்களின்ரை பழக்கம் தெரியும்தானே, அரிசி எண்டால் இருவது கிலோ, வெங்காயம் எண்டால் மூட்டை. தம்பி, உங்கடை ரைபிளுக்கு எந்தச் சன்னம் ஒத்துவரும் எண்டு சுட்டுப் பாத்தால்தான் தெரியும், ஒத்துவராட்டி ஆயிரத்தையும் வச்சு மாலை கட்டப் போறியளோ எண்டு கேட்டன். கடைசியிலை நூறு நூறும், மருந்து ஒரு சின்ன டப்பாவும் எடுத்தார். புத்தகத்தை நீட்டினன், போனிலை எல்லாம் கிடக்கு எண்டு தள்ளிவிட்டார். வாசலிலை நிண்டு திரும்பிச் சொன்னார்: "அக்கா, நீங்கள் இதிலை சாமான் விக்க நிக்கிறியளோ, மறிக்க நிக்கிறியளோ?"

பேரில்லாத டப்பா

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பழைய கோப்பி டப்பாவோடை வந்தார். உள்ளுக்கை கறுப்புக் கறுப்பாய் மருந்து. எந்த மருந்து எண்டு பாத்துச் சொல்லட்டாம், அதுக்குப் பொருத்தமாச் சன்னம் எடுக்கப் போறாராம். நிறத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது, பேரில்லாத மருந்தைப் பாவிக்கவே கூடாது எண்டன். கடையிலை ஆம்பிளையள் இல்லையோ எண்டு கேட்டார். எனக்குக் கோவம் வந்தது. எண்டாலும் சிரிச்சுக்கொண்டு, முதலாளி வந்தாலும் இதைத்தான் சொல்லுவார் எண்டன். கிழவர் டப்பாவை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்: "என்ரை மனுசியும் இப்பிடித்தான், ஒண்டையும் வச்சிருக்க விடமாட்டாள்."

உப்பு மாதிரி ஒரு அளவு

அடுத்த கிழமை அருள் திரும்பி வந்தார். மருந்து எவ்வளவு போடவேணும், கறிக்கு உப்புச் சொல்லுற மாதிரி ஒரு அளவு சொல்லுங்கோ எண்டார். வாயாலை சொல்ல மாட்டன் தம்பி, புத்தகத்திலை உங்கடை சன்னத்தின்ரை பக்கத்தைப் பாத்து ஆகக் குறைஞ்ச அளவிலை துவங்குங்கோ எண்டன். எங்கடை ஆளாயிருந்தும் ஒளிக்கிறியள் எண்டு கத்தினார். எண்டாலும் அளவைச் சொல்ல மட்டும் வாயைத் திறக்கேல்லை. அவர் நேரை கொலினுக்குப் போன் போட்டிட்டார். எனக்கோ மூண்டாம் மாசத்தின்ரை கடைசிக் கிழமை. கொலின் ஊண்டுகோலோடை வந்து சொன்னார்: "வாற ஆக்களைக் கோவிக்கப் பண்ணுறதுக்கு உன்னை இதிலை விடேல்லை, வெள்ளிக்கிழமை கதைப்பம்."

வெள்ளிக்கிழமை

பார்சல் மேசைக்குத் திருப்பி அனுப்பினால் வேலையை விடுறது, அளவு மட்டும் சொல்லுறதில்லை. இதுதான் என்ரை முடிவு. கொலின் கதிரையை இழுத்து இருக்க, அருள் வாறார். முகத்திலை இரத்தமில்லை. கிளப்பிலை ஆரோ தன்ரை ரைபிளுக்குப் போடுற அளவைச் சொல்லியிருக்கிறார், இவர் அப்பிடியே போட்டிருக்கிறார். முதல் வெடியோடை ரைபிள் இறுகித் திறக்க ஏலாமல் போச்சுதாம். கிளப்காரர் மறிச்சு, ஆளைத் தள்ளி நிப்பாட்டிப்போட்டு, பிறகு தாங்களே கழட்டி எடுத்திருக்கினம். அந்தக் கோதைக் கவுண்டரிலை வச்சார். மருந்து கூடின வேகத்திலை அடிப்பக்கம் தட்டையாய் நசிஞ்சு கிடந்தது.

"கண் தப்பினது கடவுள் புண்ணியம், அந்தப் புத்தகத்தைத் தாங்கோ அக்கா" எண்டார்.

கொலின் கோதைக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு பொக்கெற்றுக்குள்ளை இருந்து மருந்து அலுமாரி பூட்டுற திறப்பை எடுத்து என்னட்டை நீட்டிச் சொன்னார்: "பார்சலுக்கு வேறை ஆள் பாக்கிறன்."

மூண்டு மாசம் தொண்டை கிழியக் கதைச்சு வித்தன், கடைசியிலை எனக்குக் கவுண்டர் கிடைச்சது வாயைத் திறக்காமல் நிண்ட அந்த ஒரு நாளாலைதான்.