ஷோகேஸில் நின்ற அமரோனே

என் கணவருக்கு எதையும் அனுபவிக்கத் தெரியாது, காட்டத்தான் தெரியும். துபாய் சத்வாவில் நாங்கள் இருந்த ஃபிளாட்டின் ஹாலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். பிரிக்காத சென்ட், பிரிக்காத டின்னர் செட், மேலே எந்நேரமும் எரியும் ஒரு பல்பு. அந்தக் கூட்டத்தில் சில வருடங்களாக ஓர் இத்தாலிய வைன் பாட்டிலும் நின்றது.

கொடுத்தவர் அவருடைய மேனேஜர், வெரோனா பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். துபாயின் அல் கூஸ் பகுதியில் குழாய் வெல்டிங் செய்யும் கம்பெனியில் என் கணவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சரியில்லாததைச் சரியில்லை என்று சொல்வதற்குத்தான் சம்பளம். பாட்டிலைக் கொடுக்கும்போதே மேனேஜர் விளக்கியிருக்கிறார். அதன் பெயர் அமரோனே. பறித்த திராட்சையை உடனே பிழிவதில்லை. பரணில் தட்டிகள் மேல் பரப்பி, குளிர்காலக் காற்றில் மாதக்கணக்கில் வாட விடுவார்கள். சுருங்கி வற்றிய பிறகுதான் பிழிவார்கள். அந்தக் கனமும் லேசான கசப்பும் அப்படி வருவது. இது மேனேஜருடைய அப்பாவே பிழிந்தது. வெயில் படாமல், குளிர்ச்சியான இடத்தில் படுக்க வையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

இவர் காதில் தங்கியது திராட்சையைக் காயப்போடும் கதையும், அந்தக் கனத்துக்கு மேனேஜர் சொன்ன 'ஃபுல் பாடி' என்ற வார்த்தையும் மட்டும். வீட்டுக்கு வருகிறவர்களை ஷோகேஸ் முன் நிறுத்தி, "நம்ம கருவாடு டெக்னிக்தாம்ல, திராட்சயக் காயப்போட்டு எடுக்கான்" என்று பாடம் நடத்துவார். குடித்தாவது தொலையுங்களேன் என்றால், "கழுதைக்குத் தெரியுமாட்டி கற்பூர வாசனை" என்பார். ஒவ்வொரு கோடை லீவுக்கும் ஏசியை அணைத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவோம். துபாய் ஆகஸ்டில் பூட்டிய வீடு அடுப்பு. கற்பூரம் உள்ளேயே வெந்தது.

போன வருடம் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. மேனேஜர் கத்தாரில் அதே கம்பெனியின் ஒரு புது வேலைக்குப் போகிறார், ஓர் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு போகலாம். இவருக்கு அது கிடைக்காவிட்டால் விசா கேன்சல், குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். எங்கள் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆகவே மேனேஜருக்கு வீட்டில் விருந்து.

வந்தவர் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, பல்பின் கீழே நின்ற பாட்டிலைத்தான் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "இன்னும் குடிக்கலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்களுக்காகத்தான் சார் வச்சிருந்தேன்" என்று கூசாமல் சொன்னார் இவர்.

மேனேஜரே திறந்தார். புளித்தண்ணீர் நிறத்தில் கிளாஸில் இறங்கியது. சமையலறை வாசலில் நின்ற எனக்கே வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அவர் ஒரு வாய் குடித்து, துப்பாமல் விழுங்கினார். தன் அப்பா பிழிந்ததைத் துப்ப மனம் வந்திருக்காது. பிறகு இன்னொரு கிளாஸை இவர் பக்கம் நகர்த்தி, "எப்படி இருக்கு?" என்றார்.

கெட்டுப்போச்சு சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மனதுக்குள் நான் அவருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மனிதர் ஒரே மடக்கில் குடித்தார். "எக்ஸலண்ட் சார்! ஃபுல் பாடி!" என்றார். அதோடு விட்டாரா, இன்னொரு கிளாஸும் கேட்டார்.

மேனேஜர் தன் கிளாஸைத் தள்ளி வைத்தார். "வெல்டிங்கையும் இப்படித்தான் பார்ப்பியா?" என்று மெதுவாகக் கேட்டார். ஜோக் என்று நினைத்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கத்தாருக்கு வேறு ஒருவர் போனார். வெள்ளைக்காரன் புத்தி அவ்வளவுதான் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். படிப்பு பாதியில் நிற்கிறது, ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை மகளிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன், விருந்தில் நடந்ததையும் சேர்த்து.

அவள் அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "டாடிக்கு நிஜமாவே டேஸ்ட் தெரியலையாம்மா, இல்ல பயந்துட்டாரா?" என்றாள்.

பயந்துட்டார் என்றேன். அதற்குத்தான் அழுதாள்.