படகில் முன்னால் யார்?

எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம் அது. உலகச் சண்டைக்கால விலைவாசி வருவதற்கு முந்தி. இளம்பிள்ளை ஊர்த் தறிப் புடவைகளை மூட்டை கட்டிக் கொச்சிப் பக்கம் கொண்டுபோய் விற்கும் வியாபாரி ஒருவர், எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே காயலைப் பற்றிச் சொன்னார். அங்கே கடல் ஊருக்குள் நுழைந்து சந்துபொந்தெல்லாம் புகுந்து கிடக்குமாம். நடுநடுவே தீவு, தீவில் வீடு. பக்கத்து வீட்டில் ஒரு கை உப்புக் கேட்பதற்கும் படகில்தான் போக வேண்டுமாம். முழுப் படகையும் ஒரு வாரத்துக்கு வாடகைக்குப் பேசி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, தீவு தீவாகச் சுற்றலாமாம்.

பிள்ளைகளே, உங்கள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டுவிட்டாள். அன்று சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாமுங்க. உப்புக் கேக்கப் படகுல போற பொம்பளைய ஒரு தடவ பாத்துப்போட்டு வந்தர்லாமுங்க."

வந்த புதிதில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. எப்படியாவது கூட்டிப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு என் அப்பாவிடம், அதாவது உங்கள் அப்பாருவிடம் போய்ச் சொன்னேன். கடலைக்காய் பிடுங்கி முடித்துக் காட்டில் வேலை இல்லாத சமயம். அவர் உடனே சரி என்றார். ஆனால் சம்பந்தியை விட்டுவிட்டு நாம் மட்டும் போனால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று, உங்கள் அம்மாவின் அப்பாவான அப்புச்சியையும் வண்டி கட்டிக்கொண்டு போய் அழைத்து வந்தார். வியாபாரி அடுத்த சந்தை முடிந்ததும் கொச்சிக்குக் கிளம்புகிறவர். அதற்குள் முடிவு சொன்னால் படகு பேசித் தருவார். மாசி தாண்டினால் படகெல்லாம் தேங்காய் ஏற்றப் போய்விடும், பிறகு கிடைக்காது என்று சொல்லியிருந்தார்.

எங்களில் கடலைப் பார்த்தவர் யாரும் இல்லை. காவிரிக் கரைக்குப் போனால் அக்கரைக்குக் கொண்டு விடுவது பரிசல். மூங்கில் பின்னித் தோல் போர்த்திய பெரிய வட்டக் கூடை. படகு என்றால் எங்களுக்கு அதுதான். ஆகவே அப்பாரு களத்தின் நடுவில் ஒரு முளையடித்து, கயிற்றைப் பிடித்து நடந்து, சாம்பலால் ஒரு வட்டம் போட்டார். நடுவில் அடுப்புக்குக் கல் வைத்தார். "ஏறுங்க" என்றார். நாங்கள் எல்லோரும் சாம்பலை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தோம்.

"மழ வந்தா என்னுங்க பண்றது?" என்று அப்புச்சி கேட்டார்.

"கவுத்துப் போட்டு அடியில படுத்துக்கலாமுங்க சம்பந்தி."

"நடுவுல தண்ணி வத்திக் கெடந்தா?"

"தலையில தூக்கிக்கறது. எம் பையன் கழுத்து எதுக்கு இருக்குது?"

நான் கழுத்தைத் தடவிக்கொண்டேன். பரிசல் தண்ணீரில் சுற்றும். கிறுகிறுப்பு வராமல் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று அப்பாரு கை தட்டத் தட்ட, நாங்கள் உட்கார்ந்தபடியே இடது பக்கமாக நகர்ந்து நகர்ந்து சுற்றினோம். வட்டத்துக்கு வெளியே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அப்புச்சி அதைக் காட்டி, "பாருங்க, தண்ணி மேல என்ன தகிரியமா நடக்குது!" என்றார். உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வட்டத்தில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் கூடிவிட்டால் முதல் இலையில் யார், வண்டியில் முன்னால் யார் என்று பெரிய இழுபறி நடக்கும். சண்டை இல்லை, மரியாதை. ஒவ்வொருவரும் அடுத்தவரைத்தான் முன்னால் போகச் சொல்வார். அப்புச்சியை அழைத்து வந்த அன்றைக்கு, "நீங்க முன்னால ஏறுங்க", "அதெப்படீங்க, நீங்க ஏறுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் பாதி வழி, மல்லசமுத்திரம் வரைக்கும் வெறும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள். வட்டப் படகில் அந்தத் தொல்லை இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

சந்தைக்கு முதல் நாள் காலையில் வியாபாரி வந்தார். நாங்கள் வட்டத்துக்குள் நகர்ந்துகொண்டிருந்தோம்.

"என்னுங்க இது, கும்மியா?"

"படகுங்க" என்றார் அப்பாரு.

வியாபாரி புடவை மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "அட, அது கூடையில்லீங்க. நீட்டமா, வெண்டைக்காயாட்ட இருக்கும். மேல பாயில கூரை. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரு உக்காரோணும்."

நாங்கள் நகர்வதை நிறுத்தினோம். பிறகு அப்பாரு தொண்டையைச் செருமினார்.

"அப்ப முன்னால சம்பந்தி உக்காரட்டும்."

"நல்லா இருக்குதே! பொண்ணு குடுத்தவன் நான். மாப்ள ஊட்டுப் பெரியவருக்கு முதுகக் காட்டீட்டு உக்காருவனா?"

"உங்களுக்கு நான் முதுகக் காட்டோணுமாக்கும்? அதுக்கு நான் ஊட்லயே இருந்துக்கறேன்."

"நீங்க வராம நான் போறதா? நானும் வல்லீங்க."

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், முதலில் நீங்கள் கை கழுவுங்கள் என்று அங்கேயும் அதே கதை. வெயில் சாயும்வரை இப்படியே போயிற்று. வியாபாரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் கெளம்பறனுங்க. படகு வேண்டாம்னு சொல்லீரட்டுங்களா?" என்றார். உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமனாருக்கு எதிரே நின்று மருமகள் பேசுவது அப்போது வழக்கமில்லை. அவள் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அதனிடம் பேசினாள். களம் முழுக்கக் கேட்டது.

"ஏஞ்சாமி, பெரியவங்க ஒரு காரியத்துக்குப் பொறப்பட்டா மொதல்ல ஆர எதுக்க வரச் சொல்றாங்க? நெறகொடம் எடுத்த சுமங்கலியத்தான? அவளப் படகுல முன்னால உக்கார வச்சுப்போட்டா வழியெல்லாம் நல்ல சகுனமாச்சே. இதுல ஆரு மரியாத கொறயுது, சொல்லு?"

கன்றுக்குட்டி தண்ணீர் குடித்தது. அப்பாரு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கன்னுக்குட்டி சொல்றது நாயமாத்தான இருக்குது சம்பந்தி?"

"நானும் அதையேதான் நெனச்சனுங்க" என்றார் அப்புச்சி. "நாம ரண்டு பேரும் நடுவுல, தோளோட தோளா உக்காந்துக்கலாம். கொள்ளுமுங்களா?"

"நெருக்கி உக்காந்தாக் கொள்ளுமுங்க" என்றார் வியாபாரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப நானு?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வருகிறேன் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

"மாப்ள கடைசீல, அரிசி மூட்டை மேல" என்றார் அப்புச்சி.

அப்படியே நடந்தது. சங்ககிரியில் ரயிலேறிப் போனோம். நீளப் படகின் முன்கோடியில் உங்கள் அம்மா மடியில் நிறைகுடத்தோடு மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பெரியவர்கள், அவர்கள் தலையில் கட்டிய இரண்டு பெரிய உருமால்கள். அந்த உருமால்களைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல முடியும். அப்பாருவினுடையதில் வலது பக்கம் ஒரு நூல் பிரிந்திருந்தது. அப்புச்சியினுடையது மத்தியானமானால் இடது பக்கம் சரியும். சரியும்போது ஒரு தென்னை மட்டை தெரியும், சில சமயம் ஒரு காக்காய். "முன்னால என்ன தெரியுது?" என்று நான் கத்துவேன். "இருங்க, பாத்துட்டிருக்கறேன், அப்பறமாச் சொல்றேனுங்க" என்று உங்கள் அம்மா திரும்பாமலே பதில் சொல்வாள்.

ஊருக்கு வந்ததிலிருந்து, அந்த ஒரு வாரம் முன்னால் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை.