மண்டித் தராசில் என் எடை

என் தங்கையின் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தபின் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பர்கூரில் ஒரு சத்திரம். தரையில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் இடம் பிடிக்க வந்து நின்றார்கள். எச்சில் கையை ஊன்றவும் முடியாமல், முழங்காலை மடக்கவும் முடியாமல் திணறினேன். கடைசியில் அண்ணியும் சாம்பார் வாளியோடு நின்ற ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். வேப்பனப்பள்ளிப் பக்கம் பிறந்து, மாந்தோப்பிலும் கேழ்வரகுக் காட்டிலும் வேலை செய்து வளர்ந்த உடம்பு என்னுடையது. ஓசூர் வந்தபின் தண்ணீர் வாசலுக்கே வந்தது, மாவை மெஷின் அரைத்தது, மூன்று வேளையும் அரிசி வெந்தது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது குப்பைக்குப் போகக் கூடாதென்று என் வயிற்றுக்குள் போனது. ஊருக்குப் போனால், டவுன் தண்ணி நல்லா ஒத்துக்கிச்சு என்று பூரித்தார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பர்கூரிலிருந்து திரும்பிய கையோடு டாக்டரம்மாவிடம் போனேன். கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ரத்த அழுத்தத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்.

“வலிக்கும் பிரஷருக்கும் மாத்திரை தர்றேன். ஆனா உங்க முட்டி தாங்காத பாரத்தை அதும்மேல ஏத்தி வெச்சிருக்கீங்க. அதை எறக்கறதுக்கு மாத்திரை கிடையாது. நடக்கணும், சாப்பாட்டைக் கொறைக்கணும்.”

பட்டினி கிடக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டதற்கு, அப்படிச் செய்தால் பத்தே நாளில் விட்டுவிடுவீர்கள், மெதுவாகக் குறையுங்கள் என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். அவர் கணவர் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி; அவரையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தனியாகப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தார். நான் கூப்பிட்டதும், தொழுகை முடித்துவிட்டு வருகிறேன், நீ வாசலில் நில் என்றார். மறுநாள் விடியும் நேரத்தில் அவர் புர்கா மேல் சால்வை போர்த்திக்கொண்டும், நான் புடவை மேல் கணவரின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டும் சிப்காட் ரோட்டில் இறங்கினோம். முதல் நாள் பாதி வழியில் மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களைப் பார்த்து ஃபேக்டரி ஷிஃப்ட் பஸ்கள் நிற்கத் தொடங்கின. காரணமில்லாமல் இரண்டு பெண்கள் அந்த வேளையில் ரோட்டில் நடப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு டிரைவர் கதவைத் திறந்து கன்னடத்தில் ஏறச் சொன்னார். இன்னொருவர், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரியில் இறக்கிவிடவா என்று தெலுங்கில் விசாரித்தார். உடம்பு எங்களுக்குத்தான் சரியில்லை, அதனால்தான் ஏறவில்லை என்று அக்கா பதில் சொன்னார்.

வீட்டில் சமையலையும் மாற்றினேன். ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் களிக்கும் கொள்ளுச் சாற்றுக்கும் திரும்பினேன். களிக்கு மூக்கைச் சுளித்த பிள்ளைகளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். அவர்கள் மிச்சம் வைத்தால், தின்று முடிக்கும்வரை அவர்களையே உட்கார வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மண்டிக்காரர் பள்ளிவாசலுக்குப் போனதும், நாங்கள் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறிப் பார்ப்போம். முதல் தடவை நான் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைவிடக் கனமாக இருந்தேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மூட்டையாச்சும் சும்மா கெடக்குது, நாம நடக்குறோம்ல” என்றார்.

குளிர் விடுவதற்குள் மூட்டைக்குக் கீழே இறங்கிவிட்டேன். பிறகு மாம்பழக் காலம் வந்தது. அம்மா வீட்டிலிருந்து கூடை கூடையாக வந்து சேர்ந்தது. அந்த ஆனியில் தராசு முள் மறுபடி மேலே போயிற்று. நான் அழவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசை வீடு முழுக்கக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒரு நாளைக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். அதை அவசரப்படாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒருநாள் கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கூட வருகிறவர்கள், வீட்டில் ஏதாவது சண்டையா, சம்சாரம் விடியறதுக்குள்ள ரோட்டில் போகிறார்களே என்று கேட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியிலேயே நடந்துகொள்ளச் சொன்னார்.

“ஏங்க, நான் ரோட்டுல நடக்கறது உங்களுக்குச் சங்கடமா இருக்குது. நாளைக்கு நான் படுத்துக்கிட்டா, எனக்கு எல்லாம் செய்யறது சங்கடமா இருக்காதா?”

அவர் டிஃபன் கேரியரை எடுத்துக்கொண்டு நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார். நான் மறுநாளும் போனேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த பஸ் எங்களுக்கு முன்னால் நின்றது. அதிலிருந்து என் கணவர் இறங்கினார். கூடவே நடக்க வெட்கமாக இருந்திருக்க வேண்டும்; டிஃபன் கேரியரை ஆட்டிக்கொண்டு பத்தடி முன்னால் வீடுவரை நடந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எந்த பஸ்ஸும் எங்களுக்காக நிற்கவில்லை. டிரைவர்கள் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு வருஷம் கழித்து டாக்டரம்மா பட்டையைக் கையில் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நான் ஒல்லியாகிவிடவில்லை. கல்யாணமான புதிதில் தைத்த ரவிக்கைகள் எதுவும் இன்னும் நுழையவில்லை. ஆனால் மாடிப்படியில் நிற்காமல் ஏறினேன், ராத்திரி மூச்சு முட்டாமல் தூங்கினேன், தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு யாரையும் கூப்பிடாமல் எழுந்தேன். என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன்.

அதிலிருந்து அவர் மற்ற பெண்களை எங்களிடம் அனுப்ப ஆரம்பித்தார். ஒரு விடியற்காலையில், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் தெருமுனையில் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. எவ்வளவு தூரம் போவீர்கள் என்று பயந்துகொண்டே கேட்டாள். இன்றைக்கு உன்னால் முடிகிற தூரம்தான் என்று அக்கா சொன்னார். நாங்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவளை நடுவில் விட்டு நடந்தோம்.